கதிரே எழுதும் கணக்கு

தீச்சுடரின் அருகே கை சென்றால் தோல் எச்சரிக்கும். கெட்ட உணவை மூக்கு அறியும். கசப்பை நா அறியும். ஐம்புலன்களும் மனிதனுக்கு வாயிற்காவலர்கள். எக்ஸ் கதிர் உடலுக்குள் நுழையும்போது மட்டும் இக்காவலர் ஐவரும் உறங்கிவிடுகின்றனர். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஒலியில்லை, தொட்டறியத்தக்க சூடுமில்லை. அளவு மிகுந்து பாய்ந்தாலும், அது வந்து சென்ற செய்தியை உடல் பல நாள் கழித்தே அறிகிறது. பாய்ந்ததைத் திரும்பப் பெறும் வழியோ இல்லை.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஓராண்டுக்குள் பல நாட்டு மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்க் குழாய்கள் இடம்பெற்றுவிட்டன. குழாய் செம்மையாக இயங்குகிறதா என்று சோதிக்க அன்றைய மருத்துவர் கையாண்ட வழி மிக எளியது. குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் நடுவே தம் கையையே நீட்டினர். விரலெலும்புகள் தெளிவாகத் தெரிந்தால் குழாய் நன்று. மங்கலாகத் தெரிந்தால் அதைத் திருத்த வேண்டும். நோயாளிகள் மாறினர், சோதனைக்கு நீண்ட கை மாறவில்லை. தாமஸ் எடிசனிடம் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி இவ்வாறு குழாய்களைச் சோதித்தவருள் ஒருவர். அவருடைய கைகளில் ஆறாத புண்கள் தோன்றின, புண் புற்றாயிற்று, அறுவை மேல் அறுவையாகக் கைகளை இழந்தார். 1904இல் அவர் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆய்வையே கைவிட்டார். கதிருக்கு இரையான மருத்துவர்களுக்கும் தொழில்நுட்பர்களுக்கும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1936இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது. பின்னர்ச் சேர்க்கப்பட்டவற்றோடு அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன.

அக்காலத்தில் கதிரை அளக்க முறையான கருவி இல்லை என்பதைவிட, அளவு என்பதற்கே பொருள் வரையறுக்கப்படவில்லை என்பதே பொருந்தும். கதிர் பட்ட இடத்தில் தோல் சிவந்தால், அதுவே ஓர் அளவாகக் கொள்ளப்பட்டது. 'தோல் சிவக்கும் அளவு' என்பது மருத்துவ நூல்களில் இடம்பெற்ற முறையான அலகு. ஒருவர் தோல் விரைவில் சிவக்கும். மற்றொருவர் தோல் தாமதித்துச் சிவக்கும். கருநிறத் தோலில் சிவப்பைக் காண்பதும் அரிது. அளக்கப்பட வேண்டிய உடலே அளவுகோலாகவும் இருந்தது. அளவு தெரிந்தபோது தீங்கும் உடன் தெரிந்தது.

பாரிஸ் நகரில் சபூரோ என்னும் தோல் மருத்துவரும் அவருடைய துணைவர் நுவாரேவும் 1904இல் ஒரு மாற்றுவழி கண்டனர். சிறுவர் தலையில் படரும் படர்தாமரைக்கு அன்று எக்ஸ் கதிர் கொண்டு முடியை உதிர்த்து மருத்துவம் செய்தனர். முடி உதிர வேண்டும். தோல் புண்ணாகக் கூடாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவைக் காட்ட, பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய சிறு வில்லை ஒன்றைக் குழாயருகே வைத்தனர். கதிர் படப்பட அதன் பச்சை நிறம் பழுப்பாக மாறும். குறித்த பழுப்பு வந்ததும் குழாயை நிறுத்திவிடுவர். தோல் ஆற்றிவந்த வேலையை ஒரு பொருள் ஏற்றுக்கொண்ட தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்று. உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பொது அலகாக 'ராண்ட்ஜன்' அறிவிக்கப்பட்டதோ 1928இல், ஸ்டாக்ஹோம் மாநாட்டில்தான். கண்டுபிடிப்புக்கும் அளவுக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன.

இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியில் இருப்போர் மார்பில் ஒரு சிறு வில்லைப் பேழையை அணிகின்றனர். கால்சியம் சல்பேட்டில் டிஸ்ப்ரோசியம் என்னும் தனிமத்தைச் சிறிதளவு கலந்து செய்த மூன்று வில்லைகள் அதனுள் இருக்கும். கதிர் பாயும்போது அப்படிகத்தின் எலக்ட்ரான்கள் சில இடம்பெயர்ந்து, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்கின்றன. பின்னர் வில்லையைச் சூடேற்றினால் அவை விடுபட்டு ஒளியை உமிழும். ஒளியின் அளவே கதிரின் அளவு. இதனை வெப்ப ஒளிர்வு என்பர். இவ்வில்லையை உண்டியல் என்றே சொல்லலாம். நாள்தோறும் காசு விழுகிறது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை திறந்து எண்ணுகின்றனர். ஆண்டுக்கு எத்தனை மில்லிசீவர்ட் வரை ஒருவர் ஏற்கலாம் என்பதற்கு விதி இருக்கிறது. ஐந்தாண்டுச் சராசரி 20ஐத் தாண்டக்கூடாது. எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. அவ்விதியைக் காக்க உண்டியல் போதும். கணக்குப்பிள்ளைக்கு அது நல்ல துணை. ஆனால், இன்று காலை பத்து மணிக்கு நேர்ந்த பிழையை அது பத்தேகால் மணிக்குச் சொல்லாது.

பிழை நேர்ந்த கணத்தில் அறிவதன் அருமையை 2000, 2001ஆம் ஆண்டுகளில் பனாமா நாட்டில் நிகழ்ந்த ஒரு துயரம் உணர்த்தும். புற்றுநோயாளிகளுக்குக் கோபால்ட் கதிர் கொண்டு அங்கே மருத்துவம் செய்யப்பட்டது. நலமான உறுப்புகளை மறைக்கும் காப்புக் கட்டிகளின் அளவுகளைக் கணினியில் பதியும் முறை சற்று மாற்றப்பட்டது. கணினி அதனைத் தவறாகப் பொருள்கொண்டு, கதிர் செலுத்தும் நேரத்தை மிகுதியாகக் கணக்கிட்டது. திரையில் எல்லாம் சரியாகவே தோன்றியது. பிழை தெரிவதற்குள் இருபத்தெட்டு நோயாளிகள் அளவு மிஞ்சிய கதிரை ஏற்றிருந்தனர். அவர்களுள் பலர் உயிரிழந்தனர். கணினி சொன்னதைக் கணினியே சரிபார்த்துக்கொள்ள இயலாது. நோயாளியின் உடல்மேல் தனித்த ஓர் அளவி இருந்திருப்பின், முதல் நாளிலேயே கேள்வி எழுந்திருக்கும்.

அப்படியாயின் அத்தகைய அளவியை எங்கும் எல்லார் உடல்மேலும் ஏன் வைப்பதில்லை? உடனுக்குடன் கதிரைக் காட்டும் கருவிகள் இல்லாமல் இல்லை. கைகர் எண்ணி இருக்கிறது. அயனியாக்கக் கலம் இருக்கிறது. கதிர் இவற்றினுள் இருக்கும் வாயுவை மின்னூட்டங்களாகப் பிரிக்கும். பிரிந்தவை மீண்டும் கூடிவிடாமல் இருபுறமும் இழுத்துச் சேர்க்க வெளியிலிருந்து மின்னழுத்தம் வேண்டும். அது பல நூறு வோல்ட் அளவில் இருக்கும். அத்தகைய மின்கம்பியை நோயாளியின் தோல்மேல் கொண்டுசெல்வதில் கவனம் மிக வேண்டும். மேலும் இவை பெரும்பாலும் விறைப்பானவை. உடலோ சமதளம் அன்று. கழுத்தின் வளைவிலும், குழந்தையின் சிறு மார்பிலும், நாளத்தினுள் குழாய் செலுத்தும் இதய மருத்துவரின் விரலிலும் விறைப்பான பெட்டி பொருந்தி அமராது.

வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை நம்பியிருப்பதன் இடரை ஜப்பானின் ஃபுகுஷிமா காட்டியது. 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கியபின் அணுமின் நிலையம் இருளில் மூழ்கியது. உலைக்குள் நீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அளவிகளும் அணைந்தன. பணியாளர்கள் வண்டிகளிலிருந்து மின்கலங்களைக் கழற்றி வந்து, கட்டுப்பாட்டு அறையின் அளவிகளோடு இணைத்து எண்களைப் படித்தனர். தனியாள் கதிரளவிகளுள் பெரும்பாலானவை கடல்நீரில் பழுதாகிவிட்டதால், தொடக்க நாள்களில் ஒரு குழுவினர்க்கு ஓர் அளவி என்று பகிர்ந்து அணிய நேர்ந்தது. கதிர் மிகுந்திருந்த இடத்தில்தான் அதனைக் காட்டும் கருவிக்கு வலுவில்லாமல் போயிற்று.

கதிரிடமே ஆற்றல் இருக்கும்போது கருவிக்கு வேறிடத்திலிருந்து ஏன் ஆற்றல் தர வேண்டும் என்னும் வினா இங்கே இயல்பாக எழும். இவ்வினாவின் வேர் நூறாண்டுக்கும் முந்தையது. 1913இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், ஹென்றி மோஸ்லி என்னும் இளைஞர் ஒரு சோதனை செய்தார். உட்புறம் வெள்ளி பூசிய கண்ணாடிக் கோளத்திலிருந்து காற்றை அகற்றிவிட்டு, அதன் நடுவே ரேடியம் தந்த கதிரியக்கப் பொருளைத் தாங்கிய சிறு குமிழைத் தொங்கவிட்டார். அப்பொருள் உமிழ்ந்த எலக்ட்ரான்கள் குமிழைவிட்டு வெளியேறிக் கோளத்தின் சுவரை அடைந்தன. எதிர்மின்னூட்டத்தை இழக்க இழக்கக் குமிழ் நேர்மின்னூட்டம் பெற்றது. மின்கலமோ மின்னாக்கியோ இல்லாமலே ஏறத்தாழ 1,50,000 வோல்ட் மின்னழுத்தம் உருவாயிற்று. தனிமங்களை அணு எண்ணால் வரிசைப்படுத்தும் நெறியை நிறுவியவரும் இதே மோஸ்லிதான். 1915இல் கலிப்போலி போர்க்களத்தில் தம் இருபத்தேழாம் வயதில் அவர் மாண்டார். அவர் இன்னும் என்னென்ன செய்திருப்பார் என்று எண்ணி வருந்தாத இயற்பியலாளர் அரியர்.

மோஸ்லியின் கருத்து முதலில் பயன்பட்ட இடங்களுள் அணு உலை ஒன்று. உலையின் நடுவே ரோடியம் என்னும் உலோகக் கம்பியை வைத்து, அதைச் சுற்றி மின்காப்புப் பொருளும், அதற்கு வெளியே உலோக உறையும் அமைப்பர். நியூட்ரானை ஏற்ற ரோடியம் நிலைகுலைந்து எலக்ட்ரானை உமிழும். எலக்ட்ரான் காப்புப் பொருளைக் கடந்து உறையை அடையும். கம்பிக்கும் உறைக்கும் இடையே மின்னோட்டம் பாயும். வெளி மின்னழுத்தம் தேவையில்லை. ஆனால், நியூட்ரானை ஏற்ற ரோடியத்தின் அரையாயுள் 42 நொடிகள். ஆதலால் இக்கருவி சொல்வதெல்லாம் சிறிது பழைய செய்தி. உலைக்கு அது பொறுக்கும், மருத்துவமனைக்குப் பொருந்தாது. கம்பியும் உறையுமாக அது விறைப்பாகவும் இருந்தது.

இவ்விரு குறைகளையும் களைய முயல்வதே அண்மைக் காலத்து மென்படல ஆய்வு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோவெல் நகரத்துப் பல்கலைக்கழகத்தாரும் பாஸ்டன் நகர மருத்துவ இயற்பியலாளரும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி ஆற்றியுள்ளனர். அமைப்பு வியக்கத்தக்க அளவுக்கு எளிது. ஒருபுறம் டான்டலம் போன்ற கனமான உலோகத்தின் மெல்லிய பூச்சு. மறுபுறம் அலுமினியம் போன்ற இலேசான உலோகத்தின் பூச்சு. நடுவே மின்சாரத்தைக் கடத்தாத பொருள். எக்ஸ் கதிர் இதன்மேல் பாயும்போது ஒளிமின் விளைவால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பெயர்கின்றன. டான்டலத்தின் அணு எண் 73. அலுமினியத்தின் அணு எண் 13. அணு எண் ஏறத்தாழ ஐந்தரை மடங்குதான் உயர்ந்தது என்றாலும், இவ்விளைவு அணு எண்ணின் மும்மடிக்குக் குறையாமல் உயர்வதால், அணுவுக்கு அணு ஒப்பிட்டால் நூறு மடங்குக்கும் மேலான வேறுபாடு தோன்றுகிறது. கனத்த உலோகத்திலிருந்து பல எலக்ட்ரான்கள் இப்பக்கம் வருகின்றன. இலேசான உலோகத்திலிருந்து சிலவே அப்பக்கம் செல்கின்றன. இந்த ஏற்றத்தாழ்வே மின்னோட்டம்.

வெளியிலிருந்து தள்ளும் விசை ஏன் தேவையில்லை என்பதற்கு விடை அந்த எலக்ட்ரானிடமே உள்ளது. கதிர் பெயர்த்தெறிந்த எலக்ட்ரான் பல்லாயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு பாய்கிறது. வில்லிலிருந்து விடுபட்ட அம்பைப் பின்னின்று கையால் தள்ள வேண்டியதில்லை. நடுவிலுள்ள காப்புப் பொருளை அது தன் வேகத்தாலேயே கடந்துவிடும். அது கடப்பதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்றே, உட்புறம் பெரும்பகுதி காற்று நிறைந்த நுண்துளைப் பொருளான ஏரோஜெல்லை நடுவில் வைத்துப் பார்த்தனர்.

படலம் ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும்? தடித்த உலோகம் கதிரை மிகுதியாக ஏற்கும் என்பது உண்மை. ஆயினும், உலோகத்தின் ஆழத்தில் பெயர்ந்த எலக்ட்ரான் வெளியே வருவதற்குள் ஆற்றலை இழந்து அடங்கிவிடும். நோயறியப் பயன்படும் எக்ஸ் கதிரால் பெயர்ந்த எலக்ட்ரான் கன உலோகத்தினுள் சில மைக்ரோமீட்டர் தொலைவே செல்ல வல்லது. தலைமுடியின் தடிமனில் அது ஒரு சிறு பகுதி. ஆகவே மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கு மட்டுமே பயன்தரும். அதற்கு உள்ளே இருப்பது வெறும் சுமை. பயனைப் பெருக்கத் தடிமனைக் கூட்டாமல் அடுக்குகளைக் கூட்டுகின்றனர். வாழையின் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சூழ்ந்திருப்பதுபோல, கன உலோகம், காப்பு, இலேசான உலோகம், காப்பு என்று மாறிமாறி அடுக்குகின்றனர். ஒவ்வோர் அடுக்கும் தன் பங்குக்குச் சில எலக்ட்ரான்களைத் தருகிறது. நெகிழும் பாலிமர்த் தாள்மேல் இவற்றைப் பூசுவதால், முழுப் படலமும் உடலின் வளைவுக்கேற்ப வளைகிறது. புற்றுநோய் மருத்துவத்தின் வலிய கதிர்களோ இதன் ஊடே ஏறத்தாழ மாற்றமின்றிச் சென்றுவிடுகின்றன. நோயாளிக்குச் செல்ல வேண்டிய கதிரில் கைவைக்காமலே கணக்கு எழுதப்படுகிறது.

வேறொரு வழியும் உண்டு. சூரிய மின்கலம் ஒளியை மின்சாரமாக்குவதுபோல, எக்ஸ் கதிரை மின்சாரமாக்கும் குறைகடத்திப் படலங்கள் ஆராயப்படுகின்றன. இவற்றுள் பெரிதும் பேசப்படுவது பெரோவ்ஸ்கைட் வகை. 1839இல் உரால் மலையில் கிடைத்த கனிமம் ஒன்றுக்கு, ரஷ்யக் கனிமவியலாளர் பெரோவ்ஸ்கியின் பெயர் சூட்டப்பட்டது. அக்கனிமத்தின் அணு அமைப்பை ஒத்த செயற்கைப் பொருள்களும் இன்று அப்பெயரையே பெறுகின்றன. காரீயமும் அயோடினும் கலந்த இவ்வகைப் பொருள், கன அணுக்கள் நிறைந்திருப்பதால் கதிரை நன்கு ஏற்கும். கரைசலாக்கிக் குறைந்த வெப்பத்தில் பூசலாம் என்பதால் நெகிழித் தாள் உருகுமோ என்ற அச்சமில்லை. இதனுள் தோன்றும் மின்னூட்டங்கள் மெல்ல நகர்பவை. அம்பின் வேகம் அவற்றுக்கு இல்லை. இருபுறமும் வெவ்வேறு இயல்புடைய பொருள்களைப் பூசுவதால் படலத்தினுள் தானே அமையும் மின்புலமே அவற்றை நகர்த்துகிறது. ஈரம் பட்டால் இப்பொருள் சிதையும் என்பதும், நச்சுத்தன்மையுள்ள காரீயத்தைக் கொண்டது என்பதும் இதன் குறைகள். நோயாளியின் தோல்மேல் அமரப்போகும் பொருளுக்கு இவை சிறு குறைகள் அல்ல.

'தற்சார்பு' என்று இவ்வுணரிகளைப் புகழும்போது ஒன்றை மறந்துவிடக்கூடாது. மின்சாரம் வேண்டாதது உணரும் படலத்துக்கு மட்டுமே. அது தரும் மின்னோட்டத்தைப் பெருக்கி எண்ணாகக் காட்டும் சுற்றுக்குச் சிறிதளவேனும் மின்சாரம் வேண்டும். அந்த மின்னோட்டமும் மிகச் சிறியது. ஒரு பிகோ ஆம்பியர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 62 இலட்சம் எலக்ட்ரான்கள். எண்ணிக்கையைக் கேட்டால் பெரிதாகத் தோன்றும். ஒரு கைவிளக்கின் குமிழை ஒளிரச்செய்யும் மின்னோட்டத்தோடு ஒப்பிட்டால் அது கடலில் ஒரு துளி. ஆகவே, கதிர் வலுவாகப் பாயும் இடங்களே இதற்கு உரியவை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மணலில் மோனசைட் கனிமம் கலந்திருக்கிறது. அதிலுள்ள தோரியம் இயற்கையாகவே கதிர் உமிழ்கிறது. அங்கே கைகர் எண்ணி ஒவ்வொரு கதிராக எண்ணி ஒலியெழுப்பும். தற்சார்புப் படலத்தை அம்மணல்மேல் விரித்தால் அது வாய் திறவாது. ஆற்றுக்கு ஓடம், கடலுக்குக் கப்பல்.

எல்லாவற்றிலும் கடினமான சிக்கல், படலத்தின் பெருமையாகப் பேசப்படும் நெகிழ்விலிருந்தே பிறக்கிறது. சீப்பால் உலர்ந்த முடியை வாரிக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கவைக்கும் விளையாட்டைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். இரு பொருள்கள் ஒன்றோடொன்று உரசினால் மின்னூட்டம் இடம்பெயரும். அடுக்குகளாலான படலம் வளையும்போது அதனுள்ளும் நுண்ணிய உரசல் நிகழ்கிறது; அதனோடு இணைந்த கம்பி அசைந்தாலும் அவ்வாறே. அதனால் பிறக்கும் மின்னோட்டமும் பிகோ ஆம்பியர் அளவை எட்டக்கூடும். நோயாளியின் மார்பில் ஒட்டிய படலம் அவர் மூச்சு விடும்போதெல்லாம் வளைகிறது. அளவி காட்டும் எண்ணில் கதிர் எழுதியது எவ்வளவு, மூச்சு எழுதியது எவ்வளவு? அணு உலைக் கருவிகளில் இதனை ஒத்த சிக்கல் முன்பே எழுந்தது. அங்கே, உணரும் உலோகத்தோடு இணைந்த கம்பியின் அருகில் அவ்வுலோகத்தோடு இணையாத மற்றொரு கம்பியையும் ஓடவிட்டு, முதற்கம்பி தரும் எண்ணிலிருந்து இரண்டாவது தருவதைக் கழித்தனர். மென்படலத்திற்கும் அவ்வழி பொருந்தக்கூடும். கன உலோகம் பூசாத இரட்டைப் படலம் ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினால், அது மூச்சை மட்டும் பதியும். ஆனால், இரண்டும் ஒரே அளவாக வளைய வேண்டும். விலாவின் மேல் இரண்டு விரல் இடைவெளியில் ஒட்டிய இரு படலங்கள்கூட ஒரே அளவாக வளைவதில்லை.